வாப்பா வரைந்த புல்

‘பெயர் தெரியாத ஓவியர். தம் மரபின்படி கையொப்பமிட விரும்பாத ஒரு பெண்மணி.’

மியூசியத்தில் என் உம்மா வரைந்த படத்துக்குக் கீழே, அட்டையில் இப்படித்தான் அச்சடித்து மாட்டியிருக்கிறார்கள். போன அக்டோபரில் நேரில் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். மரபாம்! எந்த மரபு? என் உம்மா பிறந்து வளர்ந்த வீட்டில் தூக்குச்சட்டி, தாம்பாளம், கரண்டிக் காம்பு வரைக்கும் பெயர் வெட்டி வைப்பார்கள். பாத்திரக் கடையில் அந்தச் சின்ன மெஷின் ‘டர்ர்’ என்று ஓட, புள்ளி புள்ளியாகப் பெயர் விழுந்த பிறகுதான் பாத்திரம் வீட்டுக்கே வரும். பெயர் போடாத ஒரு டம்ளரைக்கூட நான் எங்கள் வீட்டில் பார்த்ததில்லை. அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பெயர் போடுவது மரபில்லையாம்!

சின்ன வயதில் அப்பா அம்மாவோடு இங்கே வந்து சேர்ந்த நம் செட் ஆட்களுக்கு நான் ரொம்ப விளக்க வேண்டியதில்லை. நமக்கெல்லாம் முப்பது தாண்டிவிட்டது, காதோரம் ஒன்றிரண்டு நரையும் எட்டிப் பார்க்கிறது. ஆனாலும் ‘அப்ரூவல் வந்துடுச்சா?’ என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் கை தானாகத் தபால் பெட்டியைத் தேடுகிறதா இல்லையா? உங்கள் வீட்டிலும் விசா காகிதங்கள் வைத்த அந்தக் கறுப்பு ஃபைல் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் குர்ஆன் வைத்த தட்டுக்கு அடுத்த தட்டில் இருந்தது. வாப்பாவுக்கு வேலை விசா. அவரை ஒட்டிக்கொண்டு வந்த உம்மாவுக்கும் எனக்கும் ஒட்டு விசா. உம்மா ஒரு டாலர்கூடச் சம்பாதிக்கக் கூடாது, சம்பாதித்தால் கிரீன் கார்டு போச்சு என்பது எனக்கு வாய்ப்பாடு தெரிவதற்கு முன்பே தெரியும்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுக் கோடை. எனக்குப் பத்து வயது. ஐசலினில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தோம். வாப்பாவை ஆறு மாதத்துக்கு டெக்ஸாஸில் ரவுண்ட் ராக்குக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே நாலு பேரோடு ஒரே அப்பார்ட்மெண்டில் இருந்தார். உம்மாவுக்குப் பேசக்கூட ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை தோறும் நூலகத்தில் நடந்த இலவச ஓவிய வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். ‘ஃப்ரீ’ என்று எழுதியிருந்த எல்லாவற்றுக்கும் போய்க்கொண்டிருந்தாள், அது வேறு விஷயம். பிளட் பிரஷர் முகாமுக்கு மட்டும் மூன்று தடவை போனாள்.

அங்கே சொல்லிக் கொடுத்த வெள்ளைக்கார டீச்சர், மலைப்பக்கம் இருந்த ஒரு ஓவியர் குடியிருப்பில் உறுப்பினர். நூறு வருடத்துக்கு முன்னால் நகரத்துப் புழுக்கம் தாங்காமல் சில ஓவியர்கள் ஆற்றோரம் மரக்குடில் கட்டிக்கொண்டு மலையையும் தண்ணீரையும் வரைய ஆரம்பித்த இடம் அது. அவர்கள் செத்துப் போன பிறகும் கோடைதோறும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வருடம் ஒரு புதுமுகத்துக்கு ஆறு வாரத்துக்குக் குடில் இலவசம். அந்த வருடம் டீச்சர் உம்மாவைச் சொன்னார்.

வாப்பா ஃபோனில் கேட்ட முதல் கேள்வி, “ஃப்ரீ தானே?” இரண்டாவது கேள்வி, “விசா அங்கிள்ட்ட கேட்டியா?”

விசா அங்கிள் வக்கீல் இல்லை. வக்கீலுக்கு நிறையக் காசு அழுத அனுபவசாலி, அவ்வளவுதான். பகலில் சாஃப்ட்வேர் டெஸ்டிங், சாயங்காலம் ஊர் முழுக்க இலவச ஆலோசனை. அவர் உம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “சிஸ்டர், தங்கலாம், சுத்திப் பாக்கலாம், கலர் அடிக்கலாம். நோ ப்ராப்ளம். ஆனா எதுலயும் சைன் பண்ணிடாதீங்க. நம்ம பேரு பேப்பர்ல ஏறிச்சுன்னா அந்தப் பேப்பர் நம்மளத் தேடிக்கிட்டு வரும்.”

டீச்சரின் காரில் இரண்டு மணி நேரம். உம்மா ரைஸ் குக்கர், அரிசி, ஊறுகாய், தொழுகைப் பாய், ஒரு இட்லித் தட்டு, வாப்பா இடுப்பில் கட்டும் கட்டம் போட்ட சாரம் ஒன்று, எல்லாம் எடுத்துக்கொண்டாள். சாரம் எதற்கு என்று கேட்டேன். “கொடியில தொங்கட்டும் புள்ள. ஆம்பள இருக்கிற வீடுன்னு நாலு பேருக்குத் தெரியணும்ல?” என்றாள். இட்லித் தட்டுக்கு அங்கே போன பிறகுதான் விளக்கம் கிடைத்தது. மற்றவர்கள் மரப்பலகையில் சாயத்தைப் பிதுக்கிக் குழப்பிக்கொண்டிருந்தபோது, உம்மா இட்லிக் குழிகளில் குழிக்கொரு நிறமாக வைத்துக்கொண்டாள். ஓரத்தில் அவள் பெயர், புள்ளி புள்ளியாக. முழுக் குடியிருப்பும் அந்தத் தட்டை வந்து பார்த்தது. வைக்கோல் தொப்பி போட்ட ஒரு கிழவர், எங்கே கிடைக்கும் என்று என்னிடம் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டார்.

சாயம் கரைக்கிற டர்ப்பண்டைன் வாசனை, ஈர மரத்தின் வாசனை, கொசு மருந்து. காலை ஏழு மணிக்கெல்லாம் பதினான்கு பேரும் ஆற்றைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள், ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி. பதினொரு மணிக்கு மேல் வெயில் உச்சிக்கு வந்ததும் நிழலெல்லாம் காணாமல் போய்விடும். உச்சி வெயிலில் அங்கே யாரும் தூரிகையைத் தொடுவதில்லை. எல்லாரும் குடிலுக்குப் போய்த் தூங்கிவிட்டு நாலு மணிக்கு வருவார்கள். இந்த உச்சி வெயில் தூக்கத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

நான்தான் மொழிபெயர்ப்பாளர். முதல் நாளே உம்மா, “உயிரு உள்ளத நான் வரைய மாட்டேன்னு சொல்லிரு” என்றாள். நான் பயந்துகொண்டே சொன்னேன். தொப்பிக்காரர் சிரித்துவிட்டார். நூறு வருஷமாக இங்கே எல்லாரும் மனுஷர்களைத் துரத்திவிட்டு மரத்தைத்தான் வரைகிறோம், உன் அம்மா சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்றார். இன்னொரு நாள், மலையை வரையாதே, மலைக்கும் உனக்கும் நடுவில் இருக்கிற காற்றை வரை என்றார். அதை உம்மாவிடம் சொன்னேன்.

“காத்துக்கு என்ன கலருன்னு கேளு.”

கேட்டேன். நீலத்தில் கொஞ்சம் அழுக்கைச் சேர்த்தால் காற்று என்றார்.

“நம்ம ஐசலின் காத்துக்கு அழுக்குல கொஞ்சம் நீலம்னு சொல்லு.”

அதையும் சொன்னேன். கிழவர் அன்று முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நல்ல மனுஷர்தான். அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் அதிகம்.

நாலாவது வாரம் உம்மா ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். குடிலுக்குப் பின்னால் இருந்த துணிக்கொடியை வரையப் போகிறாளாம். “ஆறு எங்கயும் போகாது. துணி காஞ்சிரும்” என்றாள். என் மஞ்சள் ஃபிராக், அவளுடைய நீலத் துப்பட்டா, நடுவில் வாப்பாவின் சாரம். ஈரத்தில் துணி தொங்குகிற கனம்தான் வேண்டும் என்பதால், துவைத்துக் காய்ந்த அதே மூன்று துணிகளையும் தினமும் காலையில் தண்ணீரில் முக்கி, அதே இடத்தில், அதே கிளிப்பில் மாட்டினாள். பத்து நாள். சுத்தமான துணியை இந்தப் பெண்மணி ஏன் தினமும் துவைக்கிறாள் என்று அக்கம்பக்கத்துக் குடிலில் கேட்டார்கள். அந்தப் படத்தில் ஆள் என்று யாரும் கிடையாது. ஆனால் பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, நாங்கள் மூன்று பேரும்தான் தொங்கிக்கொண்டிருந்தோம். டெக்ஸாஸில் இருந்த வாப்பாவும் நடுவில் நின்றார்.

படம் முடிந்ததும் வலது பக்கக் கீழ் மூலையில், சாயம் ஈரமாக இருக்கும்போதே, தூரிகையைத் திருப்பிப் பிடித்து அதன் கட்டை முனையால் பெயரைக் குத்தினாள். தமிழில், புள்ளி புள்ளியாக, பாத்திரத்தில் வெட்டுகிற மாதிரியே. ஏன் இங்கிலீஷில் போடவில்லை என்று கேட்டேன். “இங்கிலீஷ்ல நான் போட்ட சைன் எல்லாம் ஃபார்ம்லதான் கிடக்கு. இது ஃபார்ம் இல்லயே?” என்றாள்.

கடைசி வாரம் அங்கே ஒரு வழக்கம். பழைய மரக் கூடத்தில் எல்லாரும் ஆளுக்கொரு படம் மாட்டுவார்கள். சனிக்கிழமை காலையில் ஒவ்வொருவரும் ஆற்றிலிருந்து ஒரு கூழாங்கல் எடுத்து வந்து, தனக்குப் பிடித்த படத்துக்குக் கீழே வைக்க வேண்டும். கல் அதிகம் சேர்ந்த படம் அந்தக் கூடத்துச் சுவரிலேயே தங்கிவிடும். மறுநாள் அதன் கீழே பலகையில் பெயர் செதுக்குவார்கள். சுவர் நிறைய நூறு வருடத்துப் பெயர்கள். உம்மாவின் படத்துக்குக் கீழே ஒன்பது கல் இருந்தது. உம்மா அதை நம்பாமல் உட்கார்ந்து தொட்டுத் தொட்டு எண்ணினாள். பிறகு என்னைப் பார்த்து, “பலகையில தமிழ்லயும் செதுக்குவாங்களான்னு கேளு” என்றாள். எழுதிக் கொடுத்தால் செதுக்குகிறோம் என்றார் டீச்சர். என் நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, பெயரைப் பெரிதாக எழுதி, மடித்து, கையிலேயே வைத்துக்கொண்டாள்.

அன்று மதியம்தான் எங்களை அழைத்துப்போக வாப்பா வந்தார்.

கூடத்தில் நுழைந்ததும் படத்தைப் பார்த்தார். “அட, என் சாரம்ல!” என்று வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற ஆளிடம், மை வைஃப், மை லுங்கி என்று காட்டினார். ஐந்து நிமிடம் எங்கள் வாப்பா அவ்வளவு பெருமையாக நின்றார்; அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்புறம் டீச்சர் வந்து, நாளை பலகையில் பெயர் செதுக்குவோம், உள்ளூர்ப் பத்திரிகையிலும் பெயர் வரும் என்றார். வாப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. நேரே ஃபோனுக்குப் போனார். பத்து நிமிடம் கழித்து வந்தவர் உம்மாவைக் கூடத்தின் ஓரத்துக்கு அழைத்தார்.

“பேரு வேணாம்னு சொல்லிரு.”

“ஏன்?”

“அங்கிள் வேணாங்கிறார். அவார்டு, பேப்பர்ல பேருன்னா அது வொர்க் பண்ண மாதிரின்னு வந்து நிக்குமாம். நம்ம ஃபைல் பெண்டிங்ல கிடக்கு.”

“கல்லுதானே வச்சாங்க? சம்பளமா குடுத்தாங்க?”

“உனக்கும் எனக்கும் கல்லு. ஆபீஸ்ல உக்காந்திருக்கவனுக்கு? இப்ப ஏர்போர்ட்ல நம்ம பேரப் பாத்துட்டுத் தனியா கூட்டிட்டுப் போயி ஒன்றர மணி நேரம் உக்கார வச்சான். இதுல நாமளே போயி பேரைச் செதுக்கிக் குடுக்கணுமா?”

உம்மா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். “சரி. பலகையில வேணாம்னா வேணாம். படத்துல இருக்கிறது நான் போட்டது. அத நான் அழிக்க மாட்டேன்.”

“அதான் ஃபோட்டோவுல வருமே! எவனாவது தமிழ் தெரிஞ்சவன் பாத்தா?”

“பாக்கட்டும். எனக்கு லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டுக் குடிலுக்குப் போய்விட்டாள்.

உச்சி வெயில். எல்லாரும் தூக்கம். கூடத்தில் வாப்பாவும் நானும் மட்டும். உம்மாவின் இட்லித் தட்டும் தூரிகைகளும் மேசைமேல் இருந்தன.

“புள்ள, புல்லுக்கு எது கலரு?”

இந்த இடத்தில் நான் என்மேலேயே கோபப்பட வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்ததை ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற குஷி எனக்கு. மஞ்சளில் கொஞ்சம் கறுப்பைத் தொட்டால் பழுத்த புல் வரும் என்று உம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். நானே குழைத்துக் கொடுத்தேன். வாப்பா அதில் டர்ப்பண்டைனை ஊற்றினார், விருந்தாளி கூட வந்துவிட்டால் ஆணக் குழம்பில் தண்ணீர் ஊற்றுவார்களே, அப்படி.

“இட்ஸ் டூ வாட்டரி, வாப்பா.”

“இருக்கட்டும், நல்லா எல்லா இடத்துக்கும் போகும்.”

பெயர் இருந்த அந்த மூலையில் வரிசையாகப் புல் போட்டார். ஒவ்வொரு புல்லும் கோடு போட்ட நோட்டில் ஒன்றாம் எண் எழுதினது மாதிரி நிமிர்ந்து நின்றது. புள்ளிகளில் பச்சைத் தண்ணீர் தேங்கியது. பெயர் போய்விட்டது. பின்னால் உம்மா நின்றதை நாங்கள் பார்க்கவில்லை.

உம்மா படத்தைக் குனிந்து பார்த்தாள். “வெயிலு எந்தப் பக்கத்துல இருந்து அடிக்குதுன்னுகூடப் பாக்காம புல்லு வச்சிருக்கீங்க” என்றாள். பிறகு இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய், சாயம் முழுவதும் போகும்வரை தேய்த்தாள். அந்தத் தட்டில் அதற்குப் பிறகு சாயமும் வைக்கவில்லை, இட்லியும் ஊற்றவில்லை. டெக்ஸாஸுக்கு வீடு மாறியபோது எங்கோ தொலைந்துவிட்டது.

மறுநாள் வாப்பா டீச்சரிடம் போய், பெயர் வேண்டாம் ப்ளீஸ் என்றார். காரணம் கேட்பார்கள் என்று பயந்து ஏதோ யோசித்து வைத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. உம்மாவின் தலைத் துப்பட்டாவைப் பார்த்தார்கள், தலையை ஆட்டிக்கொண்டார்கள். தொப்பிக்காரர் வாப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் வழக்கத்தை நாங்கள் மதிக்கிறோம் என்றார். சுலபமாகக் கிடைத்த அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு வாப்பாவும் தலையாட்டினார். ஆறு வாரமாகக் காற்றின் நிறத்தைக்கூட என்னிடம் மொழிபெயர்க்கச் சொன்னவர்கள், அன்றைக்கு மட்டும் ‘உன் அம்மா என்ன சொல்கிறார்?’ என்று என்னிடம் கேட்கவில்லை. உம்மா பக்கத்தில்தான் நின்றாள். மடித்த தாள் அவள் கையிலேயே இருந்தது.

எங்களைத் தடுத்தது மார்க்கம் இல்லை ஐயா, ஒரு ஃபாரம்! அதை அவர்களிடம் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை.

ஆறு வருடம் கழித்து, இரண்டாயிரத்து ஒன்பதில் கிரீன் கார்டு வந்தது. வக்கீல் அறையில் வைத்து, பேச்சோடு பேச்சாக நான் அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பொழுதுபோக்குக்கு வரைந்த படத்தில் பெயர் போட்டால் என்ன, தாராளமாகப் போட்டிருக்கலாமே என்று அவர் சிரித்தார். வாப்பா சிரிக்கவில்லை. உம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அடுத்த மாதமே, நாங்கள் குடியேறிய டெக்ஸாஸ் ஊரான ஆலனில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சட்டையில் குத்துகிற பெயர் பேட்ஜ் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து சமைக்கும்போதும் அதைக் கழற்ற மாட்டாள். வரைவதைப் பற்றிக் கேட்டால் மட்டும், “அதான் டிரையர் வாங்கியாச்சே, கொடி எங்க இருக்கு?” என்பாள்.

போன அக்டோபரில் வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனேன், நுழைந்து பார்த்தேன். கூடம் இப்போது மியூசியம். படம் அதே இடத்தில், கீழே அந்த அட்டை. நான் போட்ட சத்தத்தில் காப்பாளர் ஓடி வந்தார், சின்ன வயதுப் பையன். மூலையில் உள்ள புல் மட்டும் வேறு கை வரைந்த மாதிரி இருக்கிறது என்று எங்களுக்கும் சந்தேகம் உண்டு என்றார். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னேன்.

வாப்பா ஊற்றிய டர்ப்பண்டைன் அவரைக் கைவிட்டிருந்தது. இருபது வருடத்தில் அந்தத் தண்ணிப் பச்சை சுண்டி, கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அதற்கு அடியில் குத்திய குழிகள் ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நின்றன. புல் விதை என்று நினைத்தோம் என்றார் அந்தப் பையன். விதையாம்! அவர் முன்னால் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். எனக்குப் புரிகிறது, ஆனால் கமிட்டிக்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் வேண்டும் என்று சொல்லி ஒரு ஃபாரம் கொடுத்தார். மறுபடியும் ஃபாரம்.

ஆலனுக்கு வந்து அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். வாப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது.

“இப்ப எதுக்கு அதெல்லாம்? ஏதாவது பிரச்சினை ஆயிரப் போகுது.”

“வாப்பா, நாம சிட்டிசன் ஆகிப் பத்து வருஷம் ஆச்சு!”

அவர் ஃபாரத்தைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணாடியைத் தேடினார். வழக்கம் போலக் கறுப்பு பேனாவை எடுத்தார், எல்லாம் பெரிய எழுத்தில், கட்டத்தைத் தாண்டாமல். ‘உங்களுக்கு இந்த ஓவியத்தோடு என்ன தொடர்பு?’ என்ற இடத்தில் ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: புல் என்னுடையது. மற்றதெல்லாம் என் மனைவியுடையது. அவள் பெயர் போட்டாள், நான் மறைத்தேன்.

உம்மா அவர் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். “கீழ சைன் தமிழ்ல போடுங்க” என்றாள். போட்டார்.

ஃபாரத்தை அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது, கமிட்டி அடுத்த கோடையில்தான் கூடும் என்று பதில் வந்திருக்கிறது. உம்மா அதைப் பார்த்துவிட்டு, “இவங்களும் பெண்டிங்ல போட்டுட்டாங்களா?” என்றாள். அதுவரைக்கும் ‘தம் மரபின்படி’ அங்கேயேதான் தொங்குமாம்.

அதனால் உங்களைத்தான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கார்ட்டூனை விட்டுவிட்டுத் தமிழ்ப் பள்ளிக்குப் போக அழுதோமே, அந்த அழுகைக்கு இப்போது ஒரு பலன் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் கூடத்துக்குள் போங்கள். சாரம் தொங்குகிற படம். வலது பக்கம் குனிந்து, ஃபோன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். அவள் பெயரை நான் இங்கே எழுதவில்லை, அவள் எழுதியிருக்கிறாள். புல்லைப் பார்க்காதீர்கள், புள்ளியைப் பாருங்கள். எழுத்துக்கூட்டியாவது வாசியுங்கள். கூடத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி, சத்தமாக.